காட்டு சீனை இறக்குங்கப்பா

படுதாவின் முதுகைத்தான் முதலில் பார்த்தேன். முகத்தைப் பார்த்தது அப்புறம்தான். 1986ஆம் வருஷம், வைகாசி மாசம். வாடிப்பட்டிக்கு வடக்கே சிறுமலை அடிவாரத்தில் எங்கள் ஊர். அம்மன் பொங்கலின் மூன்றாம் நாள் ராத்திரி மந்தையில் 'வள்ளி திருமணம்'. சாயங்காலமே சாக்கு விரித்து முன்வரிசையில் இடம் பிடித்து வைத்திருந்த அப்பத்தா, பபூன் வருவதற்குள் குறட்டை விட ஆரம்பித்துவிட்டது. நானும் கூட்டாளி ஒருவனும் மெதுவாகக் கழன்று மேடைக்குப் பின்னால் போய்விட்டோம்.

தென்னங்கீற்றுக் கொட்டகை. நாரதர் சப்ளாக்கட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பீடி பிடித்துக்கொண்டிருந்தார். தகரப் பெட்டி மேல் கைக்கண்ணாடியைச் சாய்த்து வைத்து வள்ளி மை தீட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் பாதி குடித்த டீ. முன்னாலிருந்து யாரோ குரல் கொடுத்தார்கள்: "காட்டு சீனை இறக்குங்கப்பா!" ஒரு ஆள் கயிற்றை அவிழ்த்தார். மூங்கிலில் சுருட்டியிருந்த துணி தடதடவென்று இறங்கி எங்கள் மூக்குக்கு ஒரு முழம் முன்னால் வந்து நின்றது. அதுதான் காடு. முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. அந்தப் பக்கத்து டியூப் லைட் வெளிச்சம் துணி வழியாகக் கசிந்ததில் மான் ஒன்று மங்கலாகத் தெரிந்தது. அருவி இருக்க வேண்டிய இடத்தில் கோதுமை மாவு மூட்டைத் துணியை வெட்டி ஒட்டுப் போட்டிருந்தார்கள். கீழ் மூலையில் கரித்துண்டால் '3' என்று எழுதியிருந்தது. மூன்றாவது சீன் போலிருக்கிறது.

முன்னால் ஓடிவந்து பார்த்தால் அது வேறு ஊர். நீலமலை, அருவி, குளத்தில் அன்னம், மேலே மேலே கூம்பிக்கொண்டு போகும் தேவதாரு மரங்கள். வாடிப்பட்டித் தாலுகாவில் எந்தக் கரையிலும் அப்படி ஒரு மரம் முளைத்ததில்லை. எங்கள் காட்டில் இருப்பது பனை, வேம்பு, உடைமரம், காரைச்செடி, கள்ளி, எல்லாவற்றையும் அமுக்கிக்கொண்டு சீமைக்கருவேலம். படுதாவில் இவற்றில் ஒன்றுகூடக் கிடையாது. வள்ளி காவல் காக்கிற தினைப்புனமும் கிடையாது. கதையே தினைப்புனத்தில்தான் நடக்கிறது, சீனில் ஒரு கதிர் இல்லை. இந்த விஷயம் அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. உறைப்பதற்கு முப்பத்தேழு வருஷம் ஆனது. அதை உறைக்க வைத்தவன் அக்கா மகன்.

அவனைப் பற்றி அப்புறம் வருகிறேன். முதலில் அந்தத் துணி.

மதுரை வட்டாரத்து ஸ்பெஷல் நாடகத்துக்குச் சீன் செட் என்றால் பெரும்பாலும் நாலுதான். தர்பார், தெரு, தோட்டம், காடு. அரிச்சந்திரன் ஆண்டதும் பாண்டியன் கோவலனை வெட்டச் சொன்னதும் ஒரே தர்பாரில். சாவித்திரி எமனோடு வழக்காடியதும் வள்ளி வேலனோடு வழக்காடியதும் ஒரே காட்டில். காடாத் துணியில் பொடிக் கலரை வஜ்ரப் பசையில் குழைத்து வரைவார்கள். வருஷக்கணக்கில் சுருட்டியும் விரித்தும் வண்டியில் ஏற்றியும் இறக்கியும் அடிபட்டதில், மடிப்பு விழுந்த இடமெல்லாம் கலர் உதிர்ந்து வெள்ளைக் கோடு ஓடும். தர்பாரில் ரோமாபுரித் தூணும் சரவிளக்கும் இருக்கும். தெருவைப் பார்த்தால் லண்டனில் ஒரு சந்து மாதிரி இருக்கும்.

இந்தச் சீன் படுதா நம் கூத்தில் இருந்ததில்லை. கூத்துக்கு இரண்டு பேர் பிடித்துக்கொள்ளும் ஒரு திரைத் துணி போதும். 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் பம்பாயிலிருந்து வந்த பார்சி நாடகக் கம்பெனிகள்தான் வரைந்த திரைகளையும் மேடை முகப்பையும் இங்கே பரப்பின. அவர்கள் அதை எடுத்தது வெள்ளைக்காரனின் நாடகக் கொட்டகையிலிருந்து. ஆக, எங்கள் மந்தையில் இறங்கிய காடு ஐரோப்பாவில் கிளம்பி, பம்பாயில் ஏறி, மெட்ராஸில் இறங்கி, மதுரையில் நகல் எடுக்கப்பட்டு, மாட்டு வண்டியிலோ வேனிலோ வாடிப்பட்டி வந்து சேர்ந்த காடு. தேவதாரு நின்றதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

அப்படியானால் தினைப்புனத்தை யார் உண்டாக்கினார்கள்? பரண் என்று ஒரு பெஞ்சு. அதில் ஏறி நின்று வள்ளி வேஷக்காரர் கவண் சுற்றுகிற பாவனையில் கையை ஒரு சுழற்று சுழற்றி ஆலோலம் பாட ஆரம்பித்தால் அவ்வளவுதான், கூட்டத்தில் பாதிப் பேர் அண்ணாந்து பார்ப்பார்கள். நானும் பார்த்தேன். கிளி எதுவும் இல்லை, கொட்டகைக் கீற்றில் ஒரு பல்லி இருந்தது. ஆனாலும் பார்த்தேன். யானை வந்து வள்ளியை மிரட்டும் இடத்தில் யானையும் வராது. மேடை ஓரத்தில் டிரம்மும் தாளத் தட்டும் மணியும் விசிலும் சகலமும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு 'ஆல்ரவுண்ட்' என்று பெயர். அவர் ஒரு உருட்டு உருட்டுவார். வள்ளி அலறுவார். யானை வந்துவிட்டது.

ஸ்பெஷல் நாடகம் என்ற பெயருக்கே ஒரு விளக்கம் சொல்ல வேண்டும். கம்பெனி என்றால் ஒரு முதலாளி, ஒத்திகை, சம்பளம், ஊர் ஊராகச் சேர்ந்தே பயணம். ஸ்பெஷல் அப்படியில்லை. ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் ஒரு ஊர், பபூன் இன்னொரு ஊர், ஆர்மோனியக்காரர் வேறொரு ஊர். தனித்தனியாகப் பேசி அட்வான்ஸ் கொடுத்து வரவழைப்பார்கள். நடிகர்களின் படம் போட்ட நோட்டீஸ் ஒட்டுவார்கள். ராத்திரி பத்து மணிக்கு மேடையில்தான் பலர் முகத்தையே பார்த்துக்கொள்வார்கள். ஒத்திகை என்ற பேச்சே கிடையாது. விடிய விடிய நாடகம் நடக்கும், கோழி கூவும்போது முருகனுக்கும் வள்ளிக்கும் கல்யாணம் ஆகிவிடும். அமெரிக்க மானிடவியலாளர் சூசன் சைசர் மதுரையில் தங்கி இந்தக் கலைஞர்களோடு பழகி ஆங்கிலத்தில் ஒரு முழுப் புத்தகமே எழுதினார். 2005இல் வெளிவந்தது.

ஒத்திகை இல்லாமல் இது எப்படி நடந்தது? சங்கரதாஸ் சுவாமிகள்தான் காரணம். 1867இல் தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை ஆரம்பித்து, அவ்வை சண்முகம் முதலான பையன்களுக்குப் பாடம் சொன்னவர். 1922இல் மறைந்தார். நாற்பதுக்கும் மேற்பட்ட நாடகங்களை எழுதி வைத்துவிட்டுப் போனார். பாட்டு, வசனம், தர்க்கம் எல்லாம் அச்சில் கட்டியது போல் அதில் இருந்தன. அதைப் பாடம் பண்ணியவர்கள் எங்கிருந்து வந்தாலும் எங்கே சந்தித்தாலும் ஒரே நாடகத்துக்குள் நுழைந்துகொள்ளலாம். நாரதர் எந்த இடத்தில் எந்த ராகத்தில் எடுப்பார், வள்ளி எங்கே மடக்குவார், எங்கே விட்டுக்கொடுப்பார் என்பது எல்லோருக்கும் தெரியும். சனங்களுக்கும் தெரியும். தெரிந்த கட்டுக்குள் நின்று எவ்வளவு தூரம் விளையாடுகிறார்கள் என்பதுதான் ராத்திரி முழுக்க முழித்திருப்பதற்குக் காரணம். 1974இல் அமெரிக்காவில் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்று ஒரு ஆட்டம் வந்தது. ஒரு விதிப் புத்தகத்தைப் படித்துவிட்டு, முன்பின் தெரியாதவர்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டி, பேசிப் பேசியே ஒரு உலகத்தைக் கட்டுவது. கற்பனை உலகம் கட்டுகிறவர்களுக்கெல்லாம் அதுதான் ஆதி என்பார்கள். மதுரையில் விதிப் புத்தகத்தை ஒரு சாமியார் எழுதி வைத்து அதற்குள் அரை நூற்றாண்டு ஓடியிருந்தது. பகடைக்குப் பதில் ஆர்மோனியம்.

சாமியார் வேஷக்காரராகவும் இருந்தவர்தான். எமன் வேஷத்தில் அவர் மேடையில் பாய்ந்து வந்ததைப் பார்த்துப் பயந்து கூட்டத்தில் ஒரு கர்ப்பிணிக்குக் கரு கலைந்துவிட்டதாகவும், அதனால் மனசு உடைந்து வேஷம் கட்டுவதையே விட்டுவிட்டதாகவும் ஒரு கதை சொல்வார்கள். நடந்ததோ இல்லையோ, கரிய முகப்பூச்சும் ஒரு பாசக்கயிறும் அன்றைக்கு என்ன காரியம் செய்யும் என்று சனங்கள் நம்பினார்கள் என்பதற்கு அந்தக் கதையே போதும்.

வள்ளியின் வெற்றுத் தினைப்புனத்தில் நடந்த ஆகப் பெரிய வேலையைத் திருமங்கலத்தில் குடியிருந்த விசுவநாததாஸ் செய்தார். 1886இல் சிவகாசியில் பிறந்தவர். முருகன் வேஷத்துக்குப் பேர்போனவர். வள்ளி விரட்டுகிற பறவைகளுக்கு நடுவே வெள்ளைக் கொக்கு ஒன்றைப் பறக்கவிட்டார். மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதிய பாட்டு அது என்பார்கள். தினையைத் தின்ன வந்த அந்த வெள்ளைக் கொக்கு யார் என்று ஒருத்தரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. சனங்களுக்குப் புரிந்தது, போலீசுக்கும் புரிந்தது. வேஷத்தைக் கலைக்காமலே கைதானவர், பல முறை ஜெயிலுக்குப் போனவர். கடைசியில் 1940 டிசம்பர் 31 அன்று, சென்னை ராயல் தியேட்டரில் இதே 'வள்ளி திருமண'த்தில், முருகனாக மயில் மேல் உட்கார்ந்தபடியே உயிரை விட்டார். படுதாவில் கொக்கு வரைந்திருந்தால் அந்தப் பாட்டு எடுபட்டிருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான். அது வெறும் கொக்காகவே நின்றுபோயிருக்கும்.

எல்லோரும் நாலு துணியோடு திருப்தி அடைந்துவிடவில்லை. காட்சி ஜோடனைக்கென்றே பணத்தைக் கொட்டியவர்கள் இருந்தார்கள். கன்னையா கம்பெனியின் 'தசாவதாரம்' பாட்டுக்கு மட்டுமல்ல, தந்திரக் காட்சிகளுக்கும் பேர்போனது. எஸ்.ஜி. கிட்டப்பா அந்தக் கம்பெனியில் பாடியவர். மதுரை தேவி பால விநோத சங்கீத சபாவை நடத்திய நவாப் ராஜமாணிக்கம் அந்த வழியில் இன்னும் தூரம் போனார். சினிமா வந்து நாடகத்தைத் தின்ற பிறகும் ஆர்.எஸ். மனோகர் 'இலங்கேஸ்வரன்' மேடையில் வித்தை காட்டிக்கொண்டிருந்தார். இதெல்லாம் டவுனுக்கு. எங்கள் மந்தைக்கு வந்தது மூங்கிலில் சுருட்டிய நாலு துணி மட்டும்தான். குங்கிலியப் பொடியைத் தீவட்டியில் வீசி பக்கென்று ஒரு ஜுவாலை எழுப்புவார்கள். எங்களுக்குத் தெரிந்த ஸ்பெஷல் எபெக்ட் அவ்வளவுதான். பொடி கிடைக்காத வருஷம் முருகன் சாதாரணமாக நடந்தே வந்தார்.

சீன் வரைந்தவர்கள் பேர் பெரும்பாலும் தெரியாது. தெரிந்த ஒரு பேர் கொண்டய்ய ராஜு. மெட்ராஸ் ஓவியப் பள்ளியில் படித்து, ரமணாசிரமத்தில் கொஞ்ச காலம் இருந்து, நாடகக் கம்பெனியில் சீன் வரையப் போனார். 1940களில் கம்பெனி கோவில்பட்டியில் கலைந்தது. ராஜு அங்கேயே தங்கிவிட்டார். பக்கத்தில் சிவகாசி, அச்சு மெஷின்கள். அவரும் அவருடைய சிஷ்யர்களும் வரைந்த முருகனும் மீனாட்சியும் காலண்டரில் ஏறி வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்தார்கள். நம் வீட்டு முருகனுக்குப் பின்னால் நீலமலையும் அருவியும் மயிலும் எங்கிருந்து வந்தன என்றால், பாதி பதில் நாடகப் படுதாதான். எங்கள் வீட்டுப் பூஜை அலமாரியில் பழைய காலண்டர் முருகன் ஒருவர் இருக்கிறார். அவருக்குப் பின்னாலும் சிறுமலை இல்லை.

இனி அக்கா மகன்.

வாடிப்பட்டியில் வீடு. இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம். செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஒரு லேப்டாப், விசிறி ஹெலிகாப்டர் மாதிரி இரையும். பிளெண்டர், அன்ரியல் இன்ஜின் என்று இரண்டு சாப்ட்வேர். இரண்டுக்கும் காசு கிடையாது. பிளெண்டர் ஒரு டச்சு ஸ்டுடியோவுக்குள் பிறந்தது. கம்பெனி நொடித்தபோது உலகம் முழுக்க ஆட்கள் ஒரு லட்சம் யூரோ வசூல் பண்ணிக் கொடுத்து 2002இல் அதை மீட்டுப் பொதுச்சொத்தாக்கினார்கள். அன்ரியல் 1998இல் ஒரு விளையாட்டோடு வந்தது. 2015இலிருந்து யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். கோடிக்கணக்கில் போட்டுப் படமெடுக்கிற ஸ்டுடியோவில் என்ன கருவி இருக்கிறதோ, அதே கருவி வாடிப்பட்டியில் அக்கா வீட்டு மச்சில் இருக்கிறது. நவாப் ராஜமாணிக்கத்துக்குக் கிடைக்காத கொடுப்பினை.

மூன்று வருஷம் முன்பு ஒரு நாள் கூப்பிட்டான். "மாமா, வள்ளி கதையை கேமா பண்றேன். வந்து பாருங்க." போனேன். திரையில் ஒரு காடு. பாசி படிந்த பாறை, பனி மூட்டம், ஈரம் சொட்டும் இலை, கூம்பிக்கொண்டு போகும் தேவதாரு. எனக்கு நெஞ்சு திக்கென்றது. காட்டு சீன்! அந்த மடிப்புக் கோடு மட்டும்தான் இல்லை.

"இந்தப் பாறை எங்க எடுத்தது மாப்ளே?"

"ஐஸ்லாந்து."

விளக்கினான். ஸ்வீடனில் ஆரம்பித்த ஒரு கம்பெனி ஊர் ஊராகப் போய்ப் பாறை, மண், வேர், பட்டை என்று எல்லாவற்றையும் ஸ்கேன் பண்ணி ஒரு பெரிய நூலகமாக வைத்திருக்கிறது. 2019இல் அன்ரியல்காரர்கள் அதை வாங்கிவிட்டார்கள். வேண்டியதை எடுத்து இழுத்துப் போட்டால் உலகம் ரெடி. ஒவ்வொரு கல்லும் நிஜக் கல். தொட்டால் சொரசொரக்கும் போலிருக்கிறது. ஆனால் பனை என்று தேடினால் ஹவாய்த் தீவில் ஒய்யாரமாக வளைந்து நிற்கிற ஒன்று வருகிறது. உடைமரம் என்றால் ஆப்பிரிக்காவில் ஒட்டகச்சிவிங்கி மேயும் மரம். சிறுமலை அடிவாரத்து வெக்கையைக் கேட்டால் பாலைவனம் தருகிறது. சொன்னதை வரைந்து தரும் ஏஐயிடமும் ஒருநாள் கேட்டுப் பார்த்தான். தென்னந்தோப்புக்கு நடுவே கோபுரம் ஒன்றை முளைக்க வைத்துவிட்டது.

பழைய காலத்து ஆட்களுக்குப் பழசெல்லாம் பொன்னாகத்தான் தெரியும், நானும் அந்த ரகம்தான். அன்றைக்கு என் வாய் அடைத்துக்கொண்டது. கருவி மாறியிருக்கிறது, காடு மாறவில்லை. அன்றும் சரி இன்றும் சரி, ரெடிமேடாகக் கைக்குக் கிடைக்கிற உலகம் வெளியூர் உலகமாகவே இருக்கிறது. ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. அன்றைக்கு வேஷக்காரர் படுதாவைச் சட்டை பண்ணவே மாட்டார். அதற்கு முன்னால் நின்று தன் வாயால் வேறொரு காட்டைக் கட்டுவார். சனங்களும் தேவதாருவைக் கண்டுகொள்ளாமல் அவர் சொன்ன காட்டைப் பார்ப்பார்கள். கூட்டத்தைப் பார்த்து பபூன், "வாடிப்பட்டி பஸ் போயிருச்சாப்பா?" என்று கேட்டால் காட்டுக்குள் பஸ் ஸ்டாண்டும் வந்துவிடும். அக்கா மகனின் காட்டில் அப்படி ஏய்க்க முடியாது. திரையில் நிற்பதுதான் நிற்கும்.

அவனுக்கும் அது உறுத்தியிருக்க வேண்டும். "நம்ம பனையை நாமளே எடுத்துருவோம் மாமா" என்றான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பெரியாறு வாய்க்கால் கரையில் ஒரு பனையைத் தேர்ந்தெடுத்தோம். போட்டோகிராமெட்ரி என்று பேர். மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து போட்டோ எடுக்க வேண்டும், ஒவ்வொரு படமும் முந்தைய படத்தோடு பாதிக்கு மேல் பொருந்தி வர வேண்டும், வெயில் சுள்ளென்று அடித்தால் நிழல் விழுந்து கெட்டுவிடும். மேகம் போடுகிற வரை காத்திருந்தோம். ஆடு மேய்த்துக்கொண்டு வந்த பெரியவர் ஒருவர் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பட்டா யாரு பேர்ல இருக்கு? வெட்டப் போறீகளா?" என்றார். இல்லை, கம்ப்யூட்டருக்குள் ஏற்றப் போகிறோம் என்றதும் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். அக்கா மகன் ஏணி வைத்தெல்லாம் எடுத்தான். இருநூற்றுப் பத்துப் படம்.

ராத்திரி முழுக்க லேப்டாப் இரைந்தது. விடிந்து பார்த்தால் பனை எழுந்து நிற்கிறது. அடிமரத்துச் செதில் செதிலாக, மட்டை விழுந்த வடு வடுவாக, பாளை சீவ ஏறுகிறவன் கால் வைத்துத் தேய்ந்த வழவழப்பு வரைக்கும் அப்படியே. தலை மட்டும் இல்லை. ஓலை இருக்க வேண்டிய இடத்தில் பச்சைக் குழம்பு மாதிரி ஏதோ ஒன்று. காற்றில் ஓலை ஆடிக்கொண்டே இருந்ததால் ஒரு படத்தில் இருந்த இடத்தில் அடுத்த படத்தில் இல்லை, கணக்கு குழம்பிவிட்டது. இடி விழுந்த மொட்டைப் பனை.

"ஓலைக்கு என்னடா பண்ணுவ?"

"கார்டு போடணும் மாமா." கேம்களில் இலை என்பது பெரும்பாலும் இலை இல்லையாம். தட்டையான ஒரு தகடு. அதில் ஓலையின் போட்டோவை ஒட்டி, ஓலை இல்லாத பகுதியைக் கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கிவிடுவார்கள். அப்படி நாற்பது ஐம்பது தகடுகளைக் கோணத்துக்கு ஒன்றாகச் சொருகினால் தூரத்திலிருந்து பார்க்க மரம். கிட்டே போய்ப் பக்கவாட்டில் பார்த்தால் காகிதம். அவன் திருப்பிக் காட்டினான். அதே படுதாதான். முதுகுப் பக்கம் ஒட்டு தெரியவில்லை, அவ்வளவுதான்.

சினிமாக்காரர்களும் சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நிற்கிறார்கள். இருபது வருஷத்துக்கும் மேலாக நடிகனைப் பச்சைத் துணிக்கு முன்னால் நிறுத்தி, பின்னால் வருவதைப் பிறகு சேர்த்தார்கள். நடிகனுக்குத் தான் நிற்பது காடா கடலா என்று தெரியாது. 2019இல் வந்த 'மாண்டலோரியன்' தொடருக்கு 20 அடி உயரத்தில் முக்கால் வட்டமாக எல்இடி சுவர் கட்டி, அதில் அன்ரியலால் கிரகத்தையே ஓடவிட்டு அதற்கு முன்னால் நடிக்க வைத்தார்கள். உலகமே வாய் பிளந்தது. எங்கள் ஊர் நாரதருக்குச் சொன்னால் பீடியை எடுக்காமலே சிரித்திருப்பார்.

கொட்டகையிலும் மாற்றம் வராமலில்லை. போன வருஷம் பக்கத்து ஊர்ப் பொங்கலுக்கு நாடகம் பார்க்கப் போனேன். கீற்றுக் கொட்டகை போய் இரும்புக் குழாய் மேடை. துணிப் படுதா போய் பிளெக்ஸ். வஜ்ரம் குழைத்தவர்களின் வேலையை 2000க்குப் பிறகு பிளெக்ஸ் மெஷின் முடித்து வைத்தது. சினிமா பேனர் வரைந்தவர்களுக்கும் அதே கதிதான். பிளெக்ஸ் காட்டை உற்றுப் பார்த்தேன். இன்டர்நெட்டில் எடுத்தது போலிருக்கிறது. அருவி, நீலமலை, தேவதாரு. சத்தம் போடாமல் சிரித்துக்கொண்டேன். ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று 2000ஆம் வருஷத்துச் சட்ட விதி இருக்கிறது. அதனால் அனுமதிக்கு அலைவதும், போலீஸ் வந்து நிறுத்திவிடுமோ என்ற பதைப்பும் கமிட்டிக்காரர்கள் முகத்தில் தெரிந்தது. விடிய விடிய நடந்தது சுருங்கிக்கொண்டு வருகிறது. பபூனும் டான்ஸும் பாதி நேரத்தை எடுத்துக்கொள்கிறார்கள். அதையும் பாதிப் பேர் செல்போன் வழியாகத்தான் பார்க்கிறார்கள். ஆனால் வள்ளி பெஞ்சில் ஏறி ஆலோலம் எடுத்தபோது முன்வரிசைக் கிழவி ஒருத்தி அண்ணாந்து பார்த்தாள்.

இதையெல்லாம் அக்கா மகனிடம் சொன்னேன். அவன் வேறொன்றைக் காட்டினான். அவன் சாப்ட்வேரில் ஒரு நிலத்தை உருவாக்கும்போது ஒரு படிவம் மாதிரி வருகிறது. என்ன மரம், என்ன விலங்கு, என்ன பறவை, என்ன சத்தம், பொழுது என்ன, வெளிச்சம் எப்படி என்று அதில் நிரப்ப வேண்டும். "இதைத்தான மாமா தொல்காப்பியத்துல கேட்டிருக்காங்க?" என்றான். ஒன்பதாம் வகுப்பில் தமிழ் ஐயாவிடம் அடி வாங்கியது வீண்போகவில்லை. நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் எல்லாம் கருப்பொருள். குறிஞ்சி என்றால் முருகன், தினை, வேங்கை மரம், கிளி, மயில், தினைப்புனம் காத்தல். பெட்டியில் இருக்கிற பொருளை எடுத்து வைத்துவிட்டால் அந்த நிலம் தானாக நிற்கும். எங்கே எதைக் கலக்கலாம் என்பதற்கும் பேர் வைத்திருக்கிறார்கள், திணை மயக்கம். உலகத்துக்கெல்லாம் நாங்கள்தான் சொல்லிக்கொடுத்தோம் என்று மார்தட்டுவது எனக்குப் பிடிக்காது. அதில் பாதி சும்மா பேச்சு. ஆனால் அந்தப் படிவத்தைப் பார்த்தபோது, நிரப்ப வேண்டிய கட்டமெல்லாம் நமக்கு முன்பே தெரிந்தவைதான் என்று தோன்றியதை மறைக்கவும் முடியாது.

தினைக்குக் கொஞ்சம் அலைந்தோம். அரிசிக் கடையில் தினை கிலோ கணக்கில் கிடைக்கிறது. பயிராக நிற்பதை அவன் பார்த்ததே இல்லை. நானும் சின்ன வயசுக்குப் பிறகு பார்க்கவில்லை. வாடிப்பட்டியைச் சுற்றி வாய்க்கால் தண்ணீர் பாய்கிற இடமெல்லாம் நெல்லும் தென்னையும்தான். கடைத் தினையில் ஒரு பிடியை வாங்கி அக்கா வீட்டு மொட்டை மாடியில் ஒரு உடைந்த பிளாஸ்டிக் டப்பில் விதைத்தான். முளைத்தது. கதிர் வந்து நரி வால் மாதிரி வளைந்ததும் அதைப் பறித்து, வெள்ளைச் சார்ட் பேப்பரில் வைத்துப் போட்டோ எடுத்து, தகடு தகடாக வெட்டி, திரையில் ஒரு ஏக்கருக்கு விதைத்துவிட்டான். பனைக்கும் தலை முளைத்திருந்தது. வடக்கே சிறுமலை. அரசாங்கத்தின் நில உயர அளவு விவரத்தை இறக்கி அதன்படியே எழுப்பியிருந்தான். எங்கள் ஊர் மந்தையிலிருந்து பார்த்தால் எந்த வளைவு தெரியுமோ அதே வளைவு.

பரணில் ஒரு பெண் உருவம். கையில் கவண். பட்டனை அமுக்கினால் சுழற்றுகிறாள்.

தினை மேல் பறவைகள் இறங்கின. நான் திரைக்குப் பக்கத்தில் குனிந்தேன். வெள்ளையாக இருந்தன. நீளக் கால், நீள அலகு.

"என்னடா இது, கொக்கா?"

"சாரி மாமா. கிளிக்குக் காசு கேக்குறாங்க. பச்சைக் கிளி பறக்குற அனிமேஷனோட நாப்பது டாலர். கொக்குதான் பிரீயாக் கெடைச்சுச்சு. குறிஞ்சியில கொக்கு வராதுன்னு தெரியும். செமஸ்டர் முடிஞ்சதும் கிளி வாங்கி மாத்திர்றேன்."

பட்டனை நானே அமுக்கினேன். கவண் சுழன்றது. வெள்ளைக் கொக்கெல்லாம் ஒரே நேரத்தில் எழும்பிச் சிறுமலைப் பக்கம் பறந்தன.

"மாத்தாத மாப்ளே" என்றேன்.